வீட்டில் ஒருவருக்கு நிமோனியா: மற்றவர்களுக்கும் தொற்றுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

வீட்டில் ஒருவருக்கு நிமோனியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சர்க்கரை உள்ள தாத்தா இருக்கிறார், எல்லாரும் ஒரே ஹாலில்தான் படுக்கிறோம். இப்போது என்ன செய்வது என்று கலங்கி நிற்பவர்களுக்காக. வேலூரையும் அதைச் சுற்றி, பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லும் ஊர்களையும் மனதில் வைத்து எழுதியது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதற்கு இது ஈடாகாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர்தான். அதற்கு வேண்டியதைச் சொல்லத்தான் இதில் முயன்றிருக்கிறேன்.

நெஞ்சு சளியும் நிமோனியாவும் ஒன்றா?

இல்லை. சாதாரணச் சளி மூக்கிலும் தொண்டையிலும் நிற்கும். கொஞ்சம் இறங்கினால் மூச்சுக் குழாயில் தங்கி இருமலாகும். நிமோனியா என்பது அதற்கும் கீழே, நுரையீரலின் கடைசியில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகளில் வரும் தொற்று. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் தேங்கிவிடும். அந்த இடத்தில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏறாது. உடம்பு அதை ஈடுகட்ட மூச்சை வேகப்படுத்தும். அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்க மூச்சு, மூச்சு என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். காய்ச்சல் எவ்வளவு, சளி என்ன நிறம் என்பதைவிட மூச்சின் வேகம்தான் நம்பகமான அடையாளம்.

பாக்டீரியா, வைரஸ் இரண்டாலும் வரும், அபூர்வமாகப் பூஞ்சையாலும் வரும். இங்கே பேசுவது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவதைப் பற்றி.

சரி, தொற்றுமா தொற்றாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கிருமி தொற்றும். ஆனால் கிருமி போய்ச் சேர்ந்த எல்லாருக்கும் நிமோனியா வராது.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், தேவையான பயம் மட்டும் மிஞ்சும். நிமோனியாவுக்கு அதிகம் காரணமாக இருக்கும் பாக்டீரியா நிமோகாக்கஸ். இது நல்ல ஆரோக்கியமாக ஓடி விளையாடும் குழந்தைகளின் மூக்கிலேயே குடியிருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது. மூக்கு ஒழுகும் பேரன் தாத்தா மடியில் ஏறி முகத்துக்கு நேரே தும்முகிறான். பேரனுக்கு இரண்டு நாளில் சளி போய்விடும். தாத்தாவுக்கு சர்க்கரை, நாற்பது வருஷ பீடிப் பழக்கம். அவருக்கு அதே கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். கொடுத்தவர் நோயாளியாகவே தெரியமாட்டார், வாங்கியவர் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

ஆகவே நோயாளியை மூலையில் ஒதுக்கி வைப்பதில் காட்டும் கவனத்தைவிட, வீட்டில் தாங்கும் சக்தி குறைந்தவர் யார் என்று பார்த்து அவர்மேல் கண் வைப்பதுதான் முக்கியம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, குறிப்பாக எடை குறைவாகப் பிறந்தது. 65 தாண்டியவர்கள். சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள். கர்ப்பிணி. நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். உங்கள் வீட்டில் இவர்களில் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.

எல்லா நிமோனியாவும் வீட்டுக்குள் பரவும் வகைதானா?

இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: "இது பரவும் வகையா சார்?"

நிமோகாக்கஸ், மைக்கோபிளாஸ்மா, கக்குவான் இருமல் கிருமி ஆகியவை ஆளிடமிருந்து ஆளுக்கு வரும். காசநோயும் பரவும், அதைப் பற்றித் தனியாகக் கீழே இருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்குச் சாப்பாடு புரையேறி வரும் நிமோனியா யாருக்கும் ஒட்டாது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழை விட்டு குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் வேலூர் சுற்று வட்டாரத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்கிற காய்ச்சல் நிறைய வரும். புல், புதர்களில் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. முற்றினால் நுரையீரலைத் தாக்கி நிமோனியா மாதிரியே மூச்சு வாங்க வைக்கும். இது வீட்டில் மற்றவருக்குப் பரவாது. ஆனால் இதற்கு வேறு மருந்து, டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். வழக்கமான அமாக்ஸிசிலின் வேலை செய்யாது. ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. பார்த்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது, அதனால் காணவில்லை என்பதற்காக அந்த நோயே இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

சேற்றிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோயும் உண்டு. சர்க்கரை உள்ள விவசாயிகளுக்கு மழைக்காலத்தில் வரும் கடுமையான நிமோனியாவுக்கு இதுவும் ஒரு காரணம். சாதாரணமாக ஆளிடமிருந்து ஆளுக்கு வராது. நோயாளி வயலில் இறங்குபவர் என்றால் அதைக் கேட்காமலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் பையனுக்கு இருமல். மூன்று வாரம் கழித்து எனக்கு. இப்போது அவங்க அப்பாவுக்கு. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று என் மாமியார் சொல்கிறார்.

இப்படி வரிசையாக, இடைவெளி விட்டு விட்டு விழுந்தால் மைக்கோபிளாஸ்மாவைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரி விடுதிப் பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் நுழையும். ஒட்டிய அன்றே காட்டாது. இரண்டு மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டுத்தான் இருமலாக வெளியே வரும். அதற்குள் முதல் ஆள் தேறி எழுந்திருப்பார், அவரிடமிருந்து வந்தது என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது. அதனால் மாமியாருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. சுற்றிப் போட்டு மனம் ஆறுகிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள்.

இதில் ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் காய்ச்சல், தலைவலி, தொண்டை கரகரப்பு, இரவில் விடாத வறட்டு இருமல், ஆனால் வேலைக்கும் போவார். எக்ஸ்ரே எடுத்தால்தான் நெஞ்சில் இருப்பது தெரியும். பெரும்பாலும் லேசாகவே போய்விடும். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

டாக்டரிடம் போகும்போது இந்த வரிசையை அப்படியே சொல்லுங்கள்: முதலில் யாருக்கு, எந்தத் தேதியில், அடுத்து யாருக்கு. அது மருந்தையே மாற்றக்கூடிய தகவல். அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் மாதிரியான மருந்துகள் பாக்டீரியாவின் சுவரை உடைத்துத்தான் அதைக் கொல்லும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. எத்தனை நாள் சாப்பிட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். அதற்கு அசித்ரோமைசின் போன்ற வேறு வகை வேண்டும்.

எங்களுக்குத் தனி அறை கிடையாது. ஒரே ஹாலில் ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கிறோம். என்ன செய்வது?

"நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். குடியாத்தத்திலோ சத்துவாச்சாரியிலோ வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அது எந்த விதத்திலும் உதவாது. இருக்கிற ஹாலிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

இருமுகிறவரின் பாயை ஜன்னலுக்கோ கதவுக்கோ பக்கத்தில் போடுங்கள். கைக்குழந்தையும் வயதானவரும் எதிர்ச்சுவரோரம். நடுவில் திடமாக இருப்பவர்கள். இருமுகிறவர் மட்டும் தலைமாட்டை மாற்றி, மற்றவர்களின் கால் பக்கம் தன் தலை வருகிற மாதிரி படுத்தால், இடம் ஒன்றும் கூடுதலாகத் தேவைப்படாமல் இரண்டு முகங்களுக்கும் நடுவே நான்கைந்து அடி கிடைத்துவிடும். டேபிள் ஃபேன் இருந்தால் குழந்தை பக்கமிருந்து நோயாளி பக்கமாக, அங்கிருந்து ஜன்னல் வழியாக வெளியே காற்று போகிற மாதிரி வையுங்கள். நோயாளிக்குப் பின்னால் ஃபேன் வைத்தால் அவர் இருமுவது நேரே மற்றவர்கள் முகத்துக்குத்தான் வரும்.

கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருள் ஏற்றுவது இரண்டு விதத்தில் கெடுதல். மூடிய அறையில் கிருமியும் சுற்றும், புகையும் சுற்றும். கொசுவலை கட்டி ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஜன்னலுக்கு வலை அடித்தால் இன்னும் நல்லது. மார்கழிக் குளிரில் முழுக்கத் திறக்க முடியாதுதான். மேல் கதவை மட்டும் திறந்தாலும் போதும். காலையில் வெயில் வந்ததும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு மணி நேரமாவது திறந்து போடுங்கள்.

இருமுகிறவர் குழந்தையைத் தூக்கும்போதும் பெரியவருக்குச் சோறு போடும்போதும் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். துப்ப வேண்டியிருந்தால் பழைய நியூஸ் பேப்பரிலோ மூடியுள்ள டப்பாவிலோ துப்பி, கட்டி, குப்பையில். பாத்திரம் துலக்கும் இடத்தில் துப்பக் கூடாது.

தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியாக வேண்டுமா?

சோப்புப் போட்டுத் துலக்கினால் அதே தட்டு போதும். துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும். ஒருவர் வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அடுத்தவர் குடிக்க வேண்டாம். சோற்றைத் தன் வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

குழந்தையின் மூச்சை எப்படி எண்ணுவது?

இதை வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அம்மாவே காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் ஆயாவோ சித்தியோ எண்ண வேண்டி வரும்.

குழந்தை தூங்கும்போது அல்லது அமைதியாக மடியில் இருக்கும்போது எண்ணுங்கள். அழும்போது எண்ணினால் கணக்கு தப்பு. காய்ச்சல் கொதித்தால் மூச்சும் வேகமாகத்தான் இருக்கும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் இன்னொரு தடவை எண்ணிக்கொள்ளலாம், ஆனால் மூச்சுத் திணறினால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சட்டையை மேலே தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி விடுங்கள். மொபைலில் ஒரு நிமிஷம் டைமர் வையுங்கள். வயிறு ஒரு தடவை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. முழு நிமிஷமும் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிப்படாது, அவர்கள் மூச்சு சீராக இருக்காது, நடுவில் நிறுத்தி நிறுத்தி விடுவார்கள்.

பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் வேக மூச்சு. அன்றைக்கே டாக்டர். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் நேராக ஆஸ்பத்திரி, பக்கத்து கிளினிக் எல்லாம் வேண்டாம்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அதற்குப் பதிலாக விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் நுரையீரல் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முக்குவது, பால் குடிக்க முடியாமல் இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை விட்டுவிடுவது, எதைக் கொடுத்தாலும் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கும் மூச்சைத்தான் எண்ண வேண்டுமா?

எண்ணலாம். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 24 தாண்டினால் டாக்டரைப் பாருங்கள், 30 தொட்டால் அவசரம்.

ஆனால் வயதானவர்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். இருமல்கூடப் பெரிதாக இருக்காது. நேற்றுவரை பேப்பர் படித்த தாத்தா இன்று கிழமை தெரியாமல் பேசுவார், சாப்பாடு வேண்டாம் என்பார், பாத்ரூம் போகும் வழியில் தடுமாறி விழுவார், சர்க்கரை திடீரென்று ஏறும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். திடீரென்று வந்த மாற்றத்துக்கு வயது காரணமாகாது. ஒரே நாளில் ஆள் மாறிப்போனால் உடம்பில் எங்கேயோ தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அழைத்துப் போங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள் என்பேன்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. உதவுமா?

உதவும். பேட்டரி மாற்றி, முதலில் உங்கள் விரலில் வைத்துச் சரிபாருங்கள். நகப்பூச்சு இருக்கக் கூடாது, விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள், எண் நிலைக்கும்வரை பொறுங்கள். ஆக்சிஜன் அளவு (SpO2) 94க்குக் கீழே போனால் டாக்டர், 90க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவருக்கு வழக்கமான அளவே கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அவருக்கு எது சாதாரணம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கான கருவி கைக்குழந்தை விரலில் சரியாகக் காட்டாது. அதில் எண் நன்றாக வந்தாலும் மூச்சு வேகமாக இருந்தால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

அவருக்குக் கொடுத்த மாத்திரை மீதி இருக்கிறது. எனக்கும் அதே இருமல்தான், சாப்பிடலாமா?

வேண்டாம். மீதி இருக்கிறது என்றாலே அவர் முழுதாகச் சாப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். ஒருவருடைய மீதியை இன்னொருவர் சாப்பிட்டால் இரண்டு பேருக்கும் அரைகுறை வைத்தியம். கிருமி சாகாமல், அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு வெளியே வரும். அதே வீட்டுக் குழந்தைக்கு அது ஒட்டினால் அப்போது அந்த மருந்து கேட்காது.

மெடிக்கல் ஷாப்பில் "சளி, இருமலுக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்குவதும் இதேதான். அந்த செட்டில் இருப்பது என்ன என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, அடுத்து பார்க்கப் போகும் டாக்டருக்கும் தெரியாது. லிவோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோய் உள்ளே வளரும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

அப்படியானால் வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாமா?

சாதாரண நிமோனியாவுக்கு வேண்டாம். கக்குவான் இருமல் என்று உறுதியானால் மட்டும் வீட்டில் கூடவே இருப்பவர்களுக்கும், குறிப்பாகக் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில், தடுப்பாக மருந்து கொடுப்பார்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

மருந்து ஆரம்பித்து எத்தனை நாளில் பரவுவது நிற்கும்? எப்போது குணம் தெரியும்?

நிமோகாக்கஸ் மாதிரியான கிருமி என்றால் சரியான ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். மைக்கோபிளாஸ்மா அப்படி இல்லை. ஆள் தேறினாலும் தொண்டையில் சில வாரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் இருமல் இருக்கும்வரை மாஸ்க் தொடரட்டும்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்க வேண்டும். மூன்றாம் நாளும் அப்படியே கொதித்தால் அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். மருந்து பொருந்தாமல் இருக்கலாம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரு புது டாக்டரைப் பார்ப்பதில் ஒரு பெரிய சிக்கல், ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

எனக்கே நிமோனியா. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுங்கள், நிறுத்தவே கூடாது. பால் வழியாக இந்தக் கிருமி போகாது, எதிர்ப்பு சக்திதான் போகும். மாஸ்க் போட்டு, கை கழுவிக் கொடுங்கள். பால் கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தாக எழுதுவார்.

சாம்பிராணி, மூக்கில் எண்ணெய், கற்பூரம், ஆவி... இதெல்லாம் செய்யலாமா?

குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் சுற்றிப் படுக்க வைக்கும் ஆயாவின் கையில் இருக்கும் அன்பைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் புகை என்பது புகைதான். சின்ன நுரையீரலின் உள்தோலை அது புண்ணாக்கும், கிருமி உட்கார இடம் கொடுக்கும். தலை காயத் துண்டு போதும்.

குளித்த பிறகு மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது இன்னும் ஆபத்து. எண்ணெய் நேராக நுரையீரலுக்கு இறங்கினால் அதுவே ஒரு வகை நிமோனியா. கிருமியால் வந்தது இல்லை என்பதால் ஆன்டிபயாட்டிக்குக்கும் கேட்காது. மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து, மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும், அதைத் தவிர வேறு எதுவும் மூக்கில் போகக் கூடாது. கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுவரை வேண்டாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பே வரும். உரைமருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும் ஒரு வயது முடியும்வரை வேண்டாம்.

பெரியவர்கள் நொச்சி போட்டு ஆவி பிடிக்கலாம், தூதுவளை ரசம் குடிக்கலாம். தொண்டைக்கு இதமாக இருக்கும், சளி கொஞ்சம் இளகும். நுரையீரலில் இருக்கும் பாக்டீரியாவை அது கொல்லாது. மருந்தோடு சேர்த்து என்றால் சரி, மருந்துக்குப் பதிலாக என்றால் கூடாது. குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள், கொட்டிக்கொண்டு வெந்துபோய் வருகிறவர்கள் உண்டு. தொக்கம் எடுக்க ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவதில் போகும் அந்த ஒரு நாள்தான் பல குழந்தைகளுக்கு முக்கியமான நாள்.

தயிர், வாழைப்பழம், கத்தரிக்காய் நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. நிமோனியா சாப்பாட்டால் வரவில்லை. நம்ம ஊர் முள்ளு கத்தரிக்காயும் இதில் நிரபராதி. நோயாளிக்கு எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். முட்டை, பருப்பு, மீன் நல்லது. காய்ச்சலில் குழந்தையைப் பட்டினி போடுவதுதான் தப்பு.

வீட்டில் பீடி சுற்றுகிறோம், விறகடுப்பும் உண்டு. இதற்கும் நிமோனியாவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கிறது. மூச்சுக் குழாயின் உள்ளே நுண்ணிய முடிகள் இருக்கின்றன. உள்ளே வந்த தூசியையும் கிருமியையும் துடைப்பம் மாதிரி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகையும் தூளும் அந்த முடிகளை முடமாக்கிவிடும். விறகுப் புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு நிமோனியா அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான். அப்பா வீட்டுக்குள் பீடி பிடித்தாலும் அதே கதை.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களிடம் வேலையை விடுங்கள் என்று சொல்லும் அருகதை எனக்கு இல்லை. தட்டை வாசல் பக்கமோ திண்ணைக்கோ கொண்டு போங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். இலையும் தூளும் படுக்கும் ஹாலில் இரவில் இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கை கழுவி, புடவை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். விறகடுப்பு வெளியே போகட்டும், இல்லையென்றால் சமையல் முடியும்வரை குழந்தை வேறு இடத்தில் இருக்கட்டும்.

தடுப்பூசி இருக்கிறதா?

இருக்கிறது, குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் வழக்கமான பட்டியலில் சேர்ந்துவிட்டது: ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். ஹிப் என்ற இன்னொரு நிமோனியாக் கிருமிக்கான மருந்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் அதைத் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும்தான். கக்குவானுக்கும் அதிலேயே உண்டு. தட்டம்மை ஊசியும் முக்கியம், தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியா பொல்லாதது.

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு பெருமை உண்டு. எந்த வகை நிமோகாக்கஸ் நம் நாட்டில் நோய் உண்டாக்குகிறது என்று வகை பிரித்துப் பார்க்கும் வேலை சிஎம்சி ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது. தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ரெஃபரன்ஸ் ஆய்வகமாகவும் அது இருக்கிறது.

பெரியவர்களுக்கு நிமோகாக்கஸ் ஊசி காசு கொடுத்துப் போட வேண்டும், கொஞ்சம் விலை கூடுதல்தான். வீட்டில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் 65 தாண்டிய, சர்க்கரையோ நுரையீரல் நோயோ உள்ளவருக்குப் போடுங்கள். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். ஃப்ளூ வந்து போன வழியிலேயே பாக்டீரியா நிமோனியா வரும் என்பதால் அதுவும் உதவும்.

பார்க்க வருகிறவர்களை எப்படித் தடுப்பது?

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு அத்தை, பெரியப்பா, எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். வராதீர்கள் என்று சொன்னால் மனஸ்தாபம். டாக்டர்மேல் பழியைப் போடுங்கள். "டாக்டர் பத்து நாளைக்கு யாரையும் பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டாரு அத்தை, தேறினதும் நாங்களே வர்றோம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வந்தே தீருவேன் என்பவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். கைக்குழந்தையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சுவதும் முத்தம் கொடுப்பதும் மட்டும் கண்டிப்பாக வேண்டாம்.

காசநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

இருமல் இரண்டு வாரம் தாண்டியது, மாலையில் காய்ச்சல், எடை குறைகிறது, இரவில் வியர்க்கிறது, சளியில் ரத்தம். இப்படி இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உறுதியானால் அதே வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். மறைப்பதால் நஷ்டப்படுவது வீட்டுக் குழந்தைகள்தான்.

எங்கே போவது?

லேசான இருமல், காய்ச்சல் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அட்மிஷன், ஆக்சிஜன் தேவைப்பட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சிஎம்சி இருக்கிறது, தாலுகா மருத்துவமனைகள் இருக்கின்றன. மூச்சுத் திணறும் ஆளை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். 108 வண்டியில் ஆக்சிஜன் இருக்கும். அணைக்கட்டு ஒன்றியத்து மலைக்கிராமங்களிலும் ஜவ்வாதுமலையிலும் இருப்பவர்கள் ராத்திரி வரை பொறுத்துப் பார்க்கவே கூடாது. சாயங்காலம் சந்தேகம் வந்தால் சாயங்காலமே இறங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் போகும் நேரம் நோயாளிக்குத் தாங்காது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை, பழைய எக்ஸ்ரே, குழந்தையின் தடுப்பூசி அட்டை, முதல்வர் காப்பீட்டு அட்டை, ஆதார்.

தேறிய பிறகு பள்ளிக்கும் வேலைக்கும் எப்போது போகலாம்? மறுபடி எக்ஸ்ரே வேண்டுமா?

மருந்து ஆரம்பித்து ஒரு நாளாவது ஆகி, காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல், பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு விளையாடினால் பள்ளிக்கு அனுப்பலாம். இருமல் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. பெரியவர்களுக்கு அசதி ஒரு மாதம்கூட இழுக்கும். மூட்டை தூக்கும் வேலை, தோல் ஷெட் வேலை என்றால் கூடுதலாகச் சில நாள் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரேயில் நிழல் மறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், வயதானவருக்கு இன்னும் கூட. நன்றாகத் தேறிய சின்ன வயதுக்காரருக்கும் குழந்தைக்கும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஐம்பது தாண்டிய பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆறு வாரம் கழித்து ஒரு எக்ஸ்ரே கட்டாயம் எடுங்கள். நிமோனியா நிழலுக்குப் பின்னால் கட்டி ஏதாவது மறைந்திருந்தால் அப்போதுதான் தெரியும். அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.